நாளைக்கு நானே வந்து சொன்னாலும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பெரியவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த தன்னுடைய மேல் ஈறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டரில் வார்த்த அச்சு அது. அடியில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்ததால் தன்னுடையதுதான் என்று கண்டுகொண்டார். "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டார். இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் அவ்வளவையும் தின்று தீர்த்தோம் என்கிற வியப்பு குரலில் இருந்தது.

அந்தப் பின்னறைக்கு நோயாளிகள் வருவதில்லை. வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. வந்து பார்த்தால் யாருக்கும் பிடிக்காது, அவ்வளவுதான். அலமாரி நிறைய மனிதர்களின் ஈறுகள் வெள்ளை வெளேரென்று அடுக்கிக் கிடக்கும். பத்தொன்பது வருஷமாக அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து பல்செட் செய்கிறவளுக்கு மருத்துவமனைப் பெண்கள் வைத்த பெயர் பல்லக்கா. பெயர் வைத்தவள் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று. பெயர் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. முன்னறையில் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதன்மேல் மெழுகை வைத்துப் பல் அடுக்கி, நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கக் கொடுப்பாள். எல்லாரும் சரியென்றால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்து அக்ரிலிக் பிளாஸ்டிக்கை நிரப்பி வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். மெழுகில் இருக்கிறவரை பல்லை இப்படி அப்படி நகர்த்தலாம். வெந்துவிட்டால் கதை முடிந்தது.

ஜன்னலோரம் ஒரு சிவப்புத் தட்டு உண்டு. செய்து அனுப்பியது சரியில்லை என்று திரும்பி வந்தால் அதில்தான் வைக்க வேண்டும் என்பது டாக்டர் போட்ட விதி. பல்லக்கா அதில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தாள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு திரும்பி வந்ததுண்டு. பன்னிரண்டு வருஷமாக டப்பாவைத் தவிர வேறெதுவும் அந்தத் தட்டில் ஏறியதில்லை. டாக்டர் புது நோயாளிகளிடம் இதைச் சொல்லித்தான் பெருமையடிப்பார். "எங்க அக்கா செஞ்சா திரும்பி வராதுங்க. தட்டுல சாப்பாட்டு டப்பாதான் இருக்கும்." அவள் காதில் விழும்போதெல்லாம் எதுவும் கேட்காத மாதிரி தேய்க்கிற மிஷினைப் போட்டுக்கொள்வாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. அதை வீட்டில்கூட அவள் ஒப்புக்கொண்டதில்லை.

"நீதானம்மா பல்லு அடுக்குறது?" என்றார் பெரியவர்.

"ஆமாங்கய்யா. நீங்க முன்னாடி உக்காருங்க. டாக்டர் கூப்பிடுவாரு."

"மக வண்டி நிறுத்த எடம் தேடிப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள ஒரு விஷயம்." சட்டைப் பையிலிருந்து பழைய அலுவலக அடையாள அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் முப்பது வயது இளையவராக அவரே இருந்தார். படம் எடுத்தவன் அவர் வாயைத் திறந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டிருந்தான். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் தீக்குச்சி தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஒரு சந்து. "இந்தச் சந்து வேணும். இதே மாதிரி வச்சுடு."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலாம். அவரு மகளக் கேப்பாரு. மக வேண்டாம்பா. நானும் சரின்னுடுவேன்."

வெட்கமோ வருத்தமோ இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருந்து கொடுக்கும் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவராம். அங்கே அவர் பெயர் 'சரி சார்'. யார் வந்து இது என்னுடையது என்றாலும் சரி சார் என்று எடுத்துக் கொடுத்துவிடுவாராம். ஒருமுறை ஒரே குடைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆளுக்குக் குடையைக் கொடுத்தார், இரண்டாவது ஆளுக்குத் தன் குடையைக் கொடுத்தார், மூன்றாவது ஆளுக்கு மேலதிகாரியின் குடையைக் கொடுத்துவிட்டு மெமோ வாங்கினார். வீட்டிலும் அப்படித்தான். எந்த ஊரில் வீடு, எந்தக் கல்லூரியில் பிள்ளைகள், எந்த நிறத்தில் சுவர் என்று எல்லாமே மற்றவர்கள் சொல்லி இவர் சரியென்றவை.

"அதனாலதான் உன்கிட்ட வந்தேன். நாளைக்கு நானே வந்து, வேண்டாம், மூடிடுங்கன்னு சொன்னாலும் நீ மூடக் கூடாது. என் பேச்சக் கேக்காத."

"அதெப்படிங்கய்யா. நீங்களே வந்து சொன்னா…"

"அப்பத்தான் முக்கியமா கேக்கக் கூடாது."

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "சரிங்கய்யா, வச்சுடறேன்."

"அப்படி இல்ல. சரிங்கறது என் வார்த்த. அது எங்க வேணாலும் உருளும். நீ வாக்குக் குடு."

மெழுகு படிந்த கையோடு அவள் ஒரு நொடி யோசித்தாள். வாய் தவிர வேறெதையும் இந்தப் பக்கம் யாரும் அனுப்பியதில்லை. ஒரு முழு மனிதர் வந்து நின்று, தன்னிடமிருந்தே தன்னைக் காப்பாற்றச் சொல்கிறார். "வாக்கு," என்றாள்.

"இன்னொண்ணு. நான் இங்க வந்து சொன்னது மகளுக்குத் தெரிய வேண்டாம். நம்மகிட்ட சொல்லலியேன்னு கஷ்டப்படுவா."

"அதுவும் சரி. எதுக்குங்கய்யா இந்தச் சந்து உங்களுக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வராந்தாவில் மகளின் குரல் கேட்டது. அடையாள அட்டையை அவள் மேசையிலேயே விட்டுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்கிற நாள். அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து, சந்தை அப்படியே வைத்து அடுக்கியிருந்தாள். கால் மணி நேரத்தில் முன்னறையிலிருந்து அழைப்பு வந்தது.

மகளைக் குறை சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய தொந்தரவு. குறை சொல்லக்கூடிய மகளாக இருந்திருந்தால் பல்லக்காவின் வேலை எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும். நாற்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடம் ஒன்றை நடத்துகிறவள். பல்லெல்லாம் எடுத்ததிலிருந்து மூன்று மாதமாக அப்பாவுக்குத் தன் கையாலேயே மசித்துக் கொடுத்திருக்கிறாள். பேசும்போதே அப்பாவின் கழுத்தில் கட்டியிருந்த துணியைச் சரி செய்தாள்.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றாங்க," என்றாள் பல்லக்காவிடம். "தம்பிங்க ரெண்டு பேரும் வேற வேற நாட்டுல இருக்காங்க. ஒம்பது வருஷம் கழிச்சு பதினோரு பேரும் ஒரே வீட்டுல இருக்கப் போறோம். அடுத்தது எப்பன்னு தெரியாது." அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். "போட்டோக்காரரச் சொல்லியிருக்கேன். அப்பா எந்தப் போட்டோவுலயும் சிரிச்சதில்ல, தெரியுமா? இந்தச் சந்து தெரியும்னு வாய இறுக்கி மூடிக்குவாரு. எங்க கல்யாண போட்டோவுல எல்லாம் யாரோ மிரட்டி நிக்க வச்ச மாதிரி இருப்பாரு. இப்பவாவது நல்லா வாய்விட்டுச் சிரிக்கட்டுமே. மூடிடுங்க."

பல்லக்கா பெரியவரைப் பார்த்தாள். அவர் கையில் கண்ணாடி இருந்தது. உதட்டைத் தூக்கியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தார். "மூடிடும்மா," என்றார். "நல்லாருக்கும்."

"நெசமாத்தான் சொல்றீங்களாய்யா?"

"பின்ன? இந்த வயசுல புதுசா ஒரு வாய் கிடைக்குதுன்னா வேண்டாம்னா சொல்லுவேன்?"

டாக்டர் சிரித்தார். மகள் சிரித்தாள். பெரியவரும் மெழுகு கழன்றுவிடாமல் ஜாக்கிரதையாகச் சிரித்தார். பல்லக்கா அவர் முகத்தில் ஒரு சாடைக்காகக் காத்திருந்தாள். கண்ணைச் சிமிட்டலாம், புருவத்தை அசைக்கலாம், துண்டை இழுத்துவிடுகிற சாக்கில் விரலையாவது ஆட்டலாம். ஒன்றும் இல்லை. முகம் பளிச்சென்று மலர்ந்திருந்தது. டாக்டர் சீட்டில் 'முன்பல் இடைவெளி வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்தார். சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும்.

ஐந்து நிமிஷ வேலை. கத்தியைச் சூடு பண்ணி, மெழுகை இளக்கி, இந்தப் பக்கப் பல்லை ஒரு தள்ளு, அந்தப் பக்கப் பல்லை ஒரு தள்ளு. கத்தியைச் சூடு பண்ணினாள். ஆறவிட்டாள். மறுபடி சூடு பண்ணினாள். கடைசியில் மெழுகுப் பல்லின்மேல் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு வேறொருவரின் கடைவாயை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவளுடைய கணவனுக்கு நகரத்தின் போக்குவரத்து விளக்குகளுக்கு நேரம் வைக்கிற அலுவலகத்தில் வேலை. எந்தச் சாலைக்கு எத்தனை வினாடி பச்சை என்று முடிவு பண்ணுகிற நாலு பேரில் ஒருவன். உலகத்தில் எந்தச் சிக்கலும் இரண்டு பக்கமும் தலையை எண்ணிப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்பது அவன் கட்சி. சாயங்காலம் இருவருமாக உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். மகளுக்குத் தெரியக் கூடாது என்றுதானே வாக்கு. கணவனுக்குச் சொல்லலாம் என்று தனக்குத் தானே அனுமதி கொடுத்திருந்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் அவன். "பதினோரு பேருக்கு சந்தோஷம். பெரியவரும் அவர் வாயாலேயே வேணும்னுட்டாரு. டாக்டருக்கும் திருப்தி. உனக்கும் வம்பு இல்ல. மூடினா யாருக்கு நஷ்டம், சொல்லு."

"போன செவ்வாக்கெழம ஒருத்தர் வந்தாரே, அவருக்கு."

"அவரும் இவரும் ஒரே ஆளுதானே."

"ஒரே ஆளா இருந்தா எதுக்கு வாக்குக் கேட்டாரு?"

அவன் இரண்டு பீன்ஸை நார் உரித்து நறுக்கினான். "ரெண்டு செட்டு செஞ்சு குடுத்துடேன். இது ஒண்ணு, அது ஒண்ணு."

"காலையில தம்ளர்ல எது இருக்கோ அதத்தான் எடுத்துப் போடுவாரு. தம்ளர் மக கையில."

"சரி, கேளு. மெயின் ரோட்டுல எழுபது வண்டி நிக்குது. பக்கத்துல ஒரு குட்டித் தெரு, அதுல ஒரே ஒரு வண்டி. அதுவும் இப்ப வீட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு. அந்தக் காலித் தெருவுக்குப் பச்சையக் காட்டிட்டு எழுபது பேர வெயில்ல நிறுத்துவியா? நீ பண்றது அதுதான்."

"நீங்க நிறுத்தறதில்லையா?"

"பன்னெண்டு செகண்டு நிறுத்துவோம்."

"காலித் தெருவுக்கா?"

"ஆமா. குடுக்கலேன்னா அந்தத் தெருக்காரன் நமக்குப் பச்சையே வராதுன்னு சிவப்புலயே பூந்து வந்துடுவான். வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கிறவரைக்கும்தான் எவனும் நிப்பான்…" சொல்லிக்கொண்டே வந்தவன், எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டோம் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான். "அது வேற," என்றான்.

அவள் காம்புகளைப் பொறுக்கி எடுத்தாள். அவனைச் சும்மா விட அவளுக்கு மனசு வரவில்லை. "பன்னெண்டு செகண்டு," என்று மெல்லச் சொன்னாள்.

"அந்தத் தெருக்காரனுக்காவது தெரியும், நமக்கு ஒரு பச்சை உண்டுன்னு. நீ வாக்கு தவறினா யாருக்குத் தெரியும்? பெரியவருக்கே ஞாபகம் இருக்கோ என்னவோ."

"எனக்குத் தெரியுமே."

"நீ ஒரு ஆளு. அந்தப் பக்கம் பதினோரு பேரு."

எண்ணிக்கையில் அவன் சொன்னது சரிதான். அவளுக்கும் கணக்குத் தெரியும். ஆனால் யாருக்குத் தெரியும் என்ற அந்தக் கேள்வி மட்டும் புதன், வியாழன் இரண்டு நாளும் வேலைக்கு நடுவே வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால் அவள் செய்கிற பாதி வேலை யாருக்கும் தெரியாத வேலை. மெருகேற்றி முடித்த பல்செட்டின் உட்புறத்தில், ஈறில் உட்காருகிற பக்கத்தில், ஒரு பஞ்சுத் துணுக்கைத் தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத முள் இருந்தால் பஞ்சின் நூல் மாட்டும். மாட்டுகிற இடத்தைத் தேய்த்து மறுபடி தடவுவாள். சில நாள் எட்டுத் தடவை. டாக்டர் அதைப் பார்ப்பதில்லை. முள் குத்தினாலும் புதுப் பல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நோயாளி பொறுத்துக்கொள்வார். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. பெரியவர் வாங்கிப்போன வாக்கும் அப்படி எங்கோ உள்பக்கத்தில் இருந்துகொண்டு, மூடிவிடலாம் என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் நூலைப் பிடித்து இழுத்தது.

அவர் உண்மையிலேயே மனம் மாறியிருந்தால்? அதையும் யோசித்தாள். மாறியிருக்கலாம். ஆனால் மாறினாலும் கேட்காதே என்பதுதானே வாக்கு. அதைத் தருவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும்; தந்தபிறகு, அவர் முகம் மலர்ந்திருந்தது என்பதை வைத்துத் தப்பிக்கப் பார்ப்பது நியாயமில்லை. மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். அதற்கும் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். சரி சார் என்று பெயர் வாங்கினவர் இவ்வளவு விவரமாக ஒரு ஆளைப் பூட்டிவிட்டுப் போவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஈரத்துணியை எடுத்தாள். பல்லை நகர்த்தவில்லை. சந்து அப்படியே இருக்க மெழுகை உருக்கினாள், அக்ரிலிக்கை நிரப்பினாள், அச்சை இறுக்கி வெந்நீருக்குள் இறக்கினாள். தண்ணீர் சூடேறுகிற சத்தம் கேட்கக் கேட்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனதும் உண்மை.

சனிக்கிழமை முன்னறையில் நடந்தது எதிர்பார்த்ததுதான். பெரியவர் வாயில் பல்செட்டைப் பொருத்தி உதட்டைத் தூக்கிய டாக்டர் அப்படியே நின்றார். "அக்கா," என்று கூப்பிட்டார். அந்தக் குரலை அவள் பத்தொன்பது வருஷத்தில் கேட்டதில்லை.

"சீட்டுல எழுதியிருந்தேனே."

"எழுதியிருந்தீங்க டாக்டர். மாத்தறதுக்கு முன்னாடியே வேகவச்சுட்டேன். மறந்துட்டேன்."

முதல் வருஷம் வேலை கற்கிறவர்கள் செய்கிற தப்பு. சொல்லும்போது காது சுட்டது. வார்த்தையைக் காப்பாற்றக் கிளம்பியவள் ஒரு பொய்யைச் செலவழித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

"மறந்துட்டீங்களா?" என்றாள் மகள். கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. "நாளைக்குக் காலையில எல்லாரும் வந்துடுவாங்க. நான் அவ்வளவு சொன்னேனே."

"இன்னிக்குள்ள மாத்த முடியாதுங்க. பல்ல அறுத்து எடுத்து மறுபடி வச்சு வேகவைக்கணும். புதன்கிழமை கொண்டுவாங்க, மூடிக் குடுத்துடறேன். மன்னிச்சுக்கோங்க." அவர் கேட்டது செய்தாகிவிட்டது, அதற்குப் பிறகு மகள் கொண்டுவந்தால், புதன்கிழமை பாடு புதன்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டாள்.

பெரியவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுந்தார். அவளைப் பார்க்கவே இல்லை. மகள் அவர் கையைப் பிடித்துப் படியிறங்க, துண்டுக்குப் பின்னால் அவர் தோள் லேசாகக் குலுங்கிற்று. இருமல் போலிருந்தது. டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. புதன்கிழமைக்கென்று குறித்த சீட்டைத் தானே கொண்டுவந்து, சாப்பாட்டு டப்பாவை மெதுவாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சிவப்புத் தட்டில் போட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்தவளைக் கணவன் எதுவும் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தான். தலையை எண்ணவில்லை.

புதன்கிழமை பெரியவர் தனியாகத்தான் பின்னறைக்கு வந்தார். மகள் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இந்த முறை கதவைத் தட்டினார். பல்செட் வாயிலேயே இருந்தது. உட்கார்ந்ததும் சிரித்துக் காட்டினார். தீக்குச்சி போகிற சந்து நடுவில் ஜம்மென்று நின்றது.

"போட்டோ எப்படிங்கய்யா வந்துச்சு?"

"எடுத்தாங்க. சின்ன மருமக கண்ண மூடிட்டா. பெரிய பேரன் கேமராவப் பாக்காம போனப் பாத்துட்டான். மறுபடி எடுத்தப்ப என் மக யாரையோ அதட்டிக்கிட்டு இருந்தா. பதினோரு பேரும் ஒழுங்கா இருக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. சந்தப் பத்திக் கேட்டது ரெண்டே பேரு. அதுல ஒருத்தன், தாத்தா, அதுல தண்ணி பீச்ச முடியுமான்னான்."

பல்லக்கா சிரித்தாள். எட்டு நாளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட இதுதான் நேரம் என்று பட்டது. "அன்னிக்கு டாக்டர் முன்னாடி மூடிடும்மான்னீங்களே. மகளுக்காகத்தானே சொன்னீங்க?"

பெரியவர் துண்டை மடித்தார். "இல்லம்மா. நெசமாத்தான் சொன்னேன்."

தேய்க்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"கண்ணாடில பாத்தேனா, மக சொன்னதும் நியாயமாத்தான் இருந்துச்சு. மூடினா நல்லாத்தான் இருக்கும்னு பட்டுச்சு. மனசாரத்தான் சொன்னேன்."

பல்லக்காவுக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சாப்பாட்டு டப்பா மட்டுமே இருந்த தட்டு, டாக்டரின் முகம், அந்தப் பொய், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. "அப்ப தனியா வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? நானே வந்து சொன்னாலும் கேக்காதேன்னு சொன்னதும் நான்தானே."

நம்பியிருக்க மாட்டாள்தான்.

"கோவிச்சுக்காத," என்றார் அவர். "சனிக்கெழம வண்டில வீட்டுக்குப் போகும்போது மக பாவம், அழுகிற மாதிரி இருந்தா. நான் பின் சீட்டுல உக்காந்து துண்டக் கடிச்சுக்கிட்டு சிரிச்சேன். ஏன்னு அப்ப எனக்கே தெரியல. அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். எழுவத்தோரு வயசுல நான் சொன்ன ஒரு வார்த்த அப்படியே நின்னுருக்கு. நானே வந்து தள்ளிப் பாத்தேன், அசையல. அந்தச் சந்து மேல எனக்கு பெருசா ஆச ஒண்ணும் இல்லம்மா. எதையாவது ஒண்ண நானா கேட்டு வாங்கணும்னு தோணுச்சு. கிடைக்கும்னு நெனைக்கல. உனக்குத்தான் கெட்ட பேராப் போச்சு."

"அதப் பத்தி என்ன," என்றாள். அதைப் பற்றி நிறைய இருந்தது. ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு கோபத்தைப் பழைய இடத்தில் நிறுத்தி வைக்க முடியவில்லை. தேடிப் பார்த்தபோது அங்கே சந்தோஷம் மாதிரி ஏதோதான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுங்கய்யா. வாக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. மூடணுமா, இப்படியே இருக்கட்டுமா? எது சொன்னாலும் செய்யறேன்."

வழக்கமாக அவர் கேள்வி முடிவதற்குள் சரியென்று விடுகிற ஆள். இப்போது வாய் திறக்கவில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். பார்த்தார். மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

கதவு திறந்து மகள் எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதாப்பா? மூடச் சொல்லிட்டீங்கல்ல? வாங்க, போலாம்."

"இரும்மா," என்றார் பெரியவர். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

மகள் கதவுப்பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், பல்லக்காவைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை அந்த வாயிலிருந்து கேட்டுப் பழக்கம் இல்லாததால் அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் உள்ளே வந்து, பிளாஸ்டர் மூட்டைமேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாள்.

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். மேலுதட்டுக்கு அடியில் அவருடைய நாக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகப் போய், திரும்பி வந்து, நடுவில் நின்றது.